தையல் மிஷினில் தேறிய பாட்டு

என் அக்காவின் கணவர் வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஏழாவது நாள் காலையில் ரேடியோவில் உட்கார்ந்து ஊருக்கே காது பரிசோதிப்பவர். இரண்டு வேலைக்கும் அவரிடம் ஒரே வாக்கியம்தான். கடையின் இருட்டறையில், வந்தவர் மூக்கின் மேல் அந்தக் கனத்த சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைச் செருகி, எடுத்து, இன்னொன்றைச் செருகி, "இது தெளிவா இருக்கா... இது தெளிவா இருக்கா?" என்பார். ரேடியோவிலும் அப்படியே. ஏதோ ஒரு தீவில் பெண்கள் வலை இழுத்துக்கொண்டே பாடியதைக் கொஞ்சம் போடுவார். பனிநாட்டு அண்ணன் தம்பிகள் நான்கு பேர் தொண்டைக்குள்ளேயே உறுமுவதைக் கொஞ்சம் போடுவார். "இது நல்லா இருக்கா, இல்ல இதுவா? நிதானமாச் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்பார். அவசரமே இல்லை என்று சொன்னதற்காகக் கடையில் முதலாளியிடம் திட்டு வாங்குவார், ரேடியோவில் நிலைய மேலாளரிடம்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். எனக்குப் பெண் பார்க்கும் பேச்சே இன்னும் வீட்டில் எழவில்லை என்பது வேறு விஷயம். குடியிருப்பது அக்கா வீட்டு மாடி அறையில். வேலை, அத்தான் பேசும் அதே ரேடியோ நிலையத்தில். ஒலிப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து யார் குரலை ஏற்றுவது, யார் குரலை இறக்குவது என்று பார்ப்பேன். எனக்கும் பேசுகிறவர்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். வாயைத் திறக்க வேண்டாம், கையை ஆட்டினால் போதும். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலையை யாராலும் வாங்கிக் கொடுத்திருக்க முடியாது.

பாட்டு பிடித்துவிட்டால் அத்தானால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஸ்டுடியோ நாற்காலிக்குச் சக்கரம் வேறு. "நேயர்களே, இப்ப வரப்போற டிரம்மை மட்டும் கவனிங்க" என்று ஆரம்பிப்பார். டிரம் வந்ததும் தரையை உதைப்பார். நாற்காலி பின்னால் ஓடும், குரல் பக்கத்து ஊருக்குப் போய்விடும். நான் அவசரமாகக் குரலை ஏற்றுவேன். அதற்குள் அவர் உதைத்துத் திரும்பி வந்து, மைக்கில் மூக்கு இடிக்க, "கேட்டீங்களா!" என்று கத்துவார். ஒலிப்பலகையின் முள் சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நிற்கும். நாற்காலியை மேஜையோடு கட்டிவைக்கச் சொல்லி மேலாளர் உத்தரவு போட்டார். கட்டினேன். அடுத்த வாரம் மேஜையும் சேர்ந்து நகர்ந்தது.

உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து புதிதாக வரும் நாட்டுப்புறப் பாட்டு ஆல்பங்கள்தான் அவர் நிகழ்ச்சி. வருஷக் கடைசியில், அந்த வருஷம் வந்தவற்றில் தனக்குப் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி, கடைசியிலிருந்து ஆரம்பித்து முதலிடம் வரைக்கும் போடுவார். அந்த ஒரு நிகழ்ச்சிக்காகப் பல வாரங்கள் தூக்கமில்லாமல் திரிவார். கடைக்கு வருகிறவர்களின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விரலால் முழங்காலில் தாளம் போடுவார். ஒருமுறை தாளத்தில் மெய்ம்மறந்து, எழுத்துப் பலகையில் கீழ்வரியை ஒரு பெரியவருக்கு இவரே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார். பெரியவர் தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சந்தோஷமாக எழுந்து போய்விட்டார்.

இவ்வளவு பாட்டு கேட்கிறவருக்கு ஒரே ஒரு குறை. வீட்டில் ஒரு காதைத் திறக்க முடியவில்லை.

அக்கா வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். பள்ளிச் சீருடைதான் பெரும்பாலும். காலால் மிதிக்கிற மிஷின். அவளோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். பட்டன் தைக்கிற அம்மா ஒருத்தர். துணி வெட்டுகிற இன்னொருத்தியைக் கத்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அவள் பேச்சும் அப்படி. புது ஆல்பம் வந்தால் அத்தான் நடையில் நின்று, ஒன்றும் தெரியாதவர் மாதிரி அதைப் போடுவார். போட்டுவிட்டு மிஷினைக் கவனிப்பார். அவருடைய சோதனை அது. பாட்டு ஆரம்பித்த பிறகும் மிஷின் நிற்காமல் ஓட வேண்டும், பாட்டோடு சேர்ந்தே ஓட வேண்டும். அப்படி ஓடினால் அந்தப் பாட்டு தேறியது.

எதுவும் தேறியதில்லை. பாட்டு ஆரம்பித்ததும் மிஷின் நின்றுவிடும். அக்காவின் குரல் வரும்.

"ஏங்க, யாருக்குப் பல்வலி? ஒருத்தருக்கா, நாலு பேருக்குமா?" இது பனிநாட்டு அண்ணன் தம்பிகளுக்கு.

"அவங்க வலையை அவங்க இழுக்கட்டும். நான் எதுக்குங்க கூட இழுக்கணும்?" இது தீவுப் பெண்களுக்கு.

பாலைவனத்துக் கித்தார்க்காரர் ஒருவர் ஒரே மெட்டை நெடுநேரம் வாசித்தபோது, "இந்த ஆளு வீட்டுக்குப் போற வழி மறந்துட்டாரு போல, யாராவது சொல்லுங்களேன்" என்றாள். கத்திரி விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தானும் சிரித்தார். ஆனால் பாட்டை நிறுத்தும்போது அவர் தோள் கொஞ்சம் இறங்கும். நான் மாடிப்படியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்குப் பாட்டே ஆகாது என்றில்லை. கல்யாணத்தின்போது அவள் கொண்டுவந்த சாமான்களில் ஒரு ரெக்கார்டு பிளேயரும் ஒரு பெட்டி நிறையச் சின்ன இசைத்தட்டுகளும் இருந்தன. எல்லாம் பழைய சினிமாப் பாட்டு. அவற்றை வைத்தால் மிஷின் பறக்கும். "அதெல்லாம் அவளுக்குப் பழகின பாட்டு, மாப்ளே. எனக்கு வேணும்னா ஒண்ணே ஒண்ணு. நான் கொண்டுவந்த ஏதாவது ஒரு பாட்டுக்கு அவ கால் ஓடணும். ஒரே ஒரு தடவை" என்பார்.

அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது.

கண்ணாடிக் கடைக்கு வழக்கமாக வரும் கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். ஏதோ ஒரு மலைநாட்டுச் சந்தையில் வாங்கினாராம். புதிதாக வந்தது என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். பெரிய இசைத்தட்டு. இந்தக் காலத்தில் மறுபடியும் இப்படி வெளியிடுவது நாகரிகமாகிவிட்டது. உறையில் பாறை மேல் நிற்கும் ஒரு ஆடு. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்திலும் அதே ஆடு. எழுத்து எறும்பு வரிசை மாதிரி, எங்களுக்குப் பழக்கமில்லாதது. இணையத்தில் தேடலாம் என்றால் பெயரைத் தட்டச்சு செய்யவே வழியில்லை.

மற்ற ஆல்பமெல்லாம் அத்தான் கம்ப்யூட்டரில் கேட்பவர். இதற்கு அக்காவின் பிளேயரைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவளே எடுத்து வைத்து, முள்ளை இறக்கிவிட்டு, "எந்த நாட்டுப் பல்வலியோ" என்று சொல்லிக்கொண்டே மிஷினுக்குப் போய் உட்கார்ந்தாள்.

முதலில் ஏதோ தந்தி வாத்தியம், தேனீக் கூட்டத்தைக் கலைத்துவிட்ட மாதிரி. அதன் மேல் ஒரு குரல் வந்து குதித்தது. சின்னப் பெண்ணின் குரல். படியில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கும் குரல். அத்தான் நடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மிஷின் நிற்கவில்லை. டகடகடகவென்று அது பாட்டைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அத்தான் என் பக்கம் திரும்பி, அசையாதே என்று கையைக் காட்டினார். நான் படியில் ஒற்றைக் காலில் நின்றேன். பாட்டு முடிந்தது. மிஷின் நின்றது. அக்கா கையிலிருந்ததைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஐயையோ! டவுசர் பையை வாயோட சேர்த்துத் தைச்சுட்டேங்க!"

"பையன் காசு தொலைக்க மாட்டான், விடுக்கா" என்றாள் கத்திரி.

"அந்தப் பொண்ணை இன்னொரு தடவை போடுங்க" என்றாள் அக்கா.

அத்தான் போடவில்லை. அவரால் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். நான்தான் போட்டேன்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. காலையில் அந்தப் பெண், மத்தியானம் அந்தப் பெண். அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றுவாள், அத்தான் கண்ணாடி துடைக்கிற துணியை வீசிக்கொண்டு எதிர்ச்சுற்றுச் சுற்றுவார். பட்டன் தைக்கிற அம்மா கூட ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் அந்தப் பெண்ணின் முழு வரலாறும் வீட்டில் தயாராகிவிட்டது. வயது பதினாறுக்கு மேல் இருக்காது. ரெட்டைச் சடை. ஆடு மேய்க்கிறாள். "அம்மா சொல்றதைக் கேக்கவே மாட்டா, குரல்லயே தெரியுது" என்றாள் அக்கா. அப்போதே அவள் 'நம்ம பொண்ணு' ஆகிவிட்டாள்.

முதலிடம் யாருக்கு என்பதில் பிறகென்ன சந்தேகம்?

நிகழ்ச்சி நாளன்று காலையில் அக்கா தையல் கடை ரேடியோவைத் துடைத்து வைத்தாள். இத்தனை வருஷத்தில் அத்தான் நிகழ்ச்சிக்காக அந்த ரேடியோ திரும்பியதே இல்லை. மிஷினை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளைச் சுவரோடு அடுக்கினாள். கத்திரி, பட்டன் அம்மா, எதிர்வீட்டு டீச்சர், அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் எல்லோரையும் நிறுத்திவைத்துக்கொண்டாள். "முதலிடம் நான் பாஸ் பண்ணினது. நம்ம பொண்ணு வந்ததும் யாரும் சும்மா நிக்கக் கூடாது" என்று உத்தரவு. வாசலில் அத்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில்தான் இருவரும் அதைக் கவனித்தோம்.

ஸ்டுடியோவில் பத்தாவது, ஒன்பதாவது என்று ஏறிக்கொண்டே வந்தோம். ரயில்வே தொழிலாளர்களின் பித்தளை வாத்தியக் குழு வந்துபோனது. தீவுப் பெண்கள் இழுத்தார்கள். பனிநாட்டுச் சகோதரர்களுக்கு மூன்றாமிடம், பாலைவனத்துக்காரருக்கு இரண்டாமிடம். நாற்காலி நிலைகொள்ளாமல் ஓடியது. அடுத்து செய்தி வாசிக்க வேண்டிய அம்மா தாள்களோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நிலநடுக்கத்தையும் வெயிலையும் ஒரே குரலில் வாசிப்பவர்.

அத்தான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நேயர்களே, முதலிடம். மலையில ஆடு மேய்க்கிற ஒரு சின்னப் பொண்ணு. பேரு தெரியாது. ஆனா கேட்ட அடுத்த நிமிஷம் உங்க வீட்டுப் பொண்ணு ஆயிடுவா. எல்லாரும் எழுந்து நில்லுங்க. கால் தானா ஆடும், பொறுப்பு நான் இல்ல!"

கையைக் காட்டினார். நான் முள்ளை இறக்கினேன்.

தேனீக்கள் வரவில்லை. பாரவண்டி ஒன்று மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு வாத்தியம் இழுத்தது. அதற்குப் பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ எழுந்து வருவதுபோல், ஒரு கிழவரின் குரல். தடித்த குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒருவர் குளித்துவிட்டு வரலாம்.

அத்தானின் கை காற்றில் அப்படியே நின்றது. தட்டு மாறிவிட்டதா என்று சைகையில் கேட்டார். நான் உறையைத் தூக்கிக் காட்டினேன். ஆடு. டெலிபோன் விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கண் சிமிட்டின. எடுத்தேன்.

"தம்பி, அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

அடுத்தவர், "சார், எங்க வீட்டு நாய் எழுந்து உக்காந்துடுச்சு. இதைத்தான் எழுந்து நிக்கச் சொன்னாரா?"

மூன்றாவது அக்கா.

"டேய், நீதானா? நம்ம பொண்ணு எங்கேடா?"

"அக்கா, அது வந்து..."

"வந்து போயியெல்லாம் அப்புறம். இங்க எல்லாரும் இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஆட ரெடியா நிக்கிறாங்க. யாரோ பெரியவர் வந்து அழறாருடா!"

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் தட்டைப் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வீட்டில் தட்டின் நடுவிலிருந்த அந்த ஆடு ஓடிக்கொண்டே இருக்கும், கால் எது கொம்பு எது என்று தெரியாது. இங்கே அது நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதன் தாடியைக் கூட எண்ணிவிடலாம்.

சின்ன இசைத்தட்டு வேகமாகச் சுற்ற வேண்டும், பெரியது மெதுவாக. பிளேயரில் அதற்கு ஒரு குமிழ் உண்டு. அக்காவிடம் இருந்ததெல்லாம் சின்னத் தட்டு. அவள் பிளேயரின் குமிழை யாரும் திருப்பியதே இல்லை. ரேடியோவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய நாங்கள் இருவரும் அந்தப் பெண்ணைப் பார்த்த மயக்கத்தில் குமிழைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஆட்டைக் காட்டினேன். இரண்டு விரலை மேஜை மேல் ஓடவிட்டேன். பிறகு நடக்கவிட்டேன். அத்தானுக்குப் புரிந்துவிட்டது. மிஷினில் தேறிய ஒரே பாட்டு, அதுவும் உலகத்தில் இல்லாத பாட்டு.

மேலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "குமிழைத் திருப்புப்பா! மிஷின் கோளாறுன்னு சொல்லச் சொல்லு, முடிஞ்சுது!" என் விரல் குமிழ் மேல்தான் இருந்தது. அத்தான் வேண்டாம் என்று தலையாட்டினார். கடையிலும் அவர் அப்படித்தான். தப்பான பவர் கொடுத்துவிட்டால், சட்டம் வளைந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கத் தெரியாதவர். பாட்டை இறக்கச் சொல்லிக் கையைத் தாழ்த்தினார்.

"நேயர்களே, ஒரு சின்ன விஷயம். இந்தப் பாட்டுக்கு நான் தப்பான பவர் போட்டுட்டேன். மெதுவாச் சுத்த வேண்டிய தட்டை வீட்டுல வேகமாச் சுத்தவிட்டுக் கேட்டிருக்கேன். நான் சொன்ன பொண்ணு யாரும் இல்ல. இந்தப் பெரியவர்தான் இருக்கார். ஐயா, எங்க இருந்தாலும் மன்னிச்சுக்கோங்க, உங்களுக்கு ரெட்டைச் சடை போட்டுட்டேன்." நாற்காலியை மைக்குக்கு இன்னும் பக்கத்தில் இழுத்தார். "எங்க வீட்டுல ஒருத்தங்களுக்கு அந்தப் பொண்ணுன்னா உசுரு. இப்பக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதனால ஊருக்கே சொல்றேன்."

பிறகு சட்டென்று, பழக்க தோஷம்தான், "சரி, நீங்களே பாருங்க. இது தெளிவா இருக்கா..." என்று என்னைப் பார்த்தார். பெரியவர் பாடினார். "இது தெளிவா இருக்கா?" குமிழைத் திருப்பினேன். பெரியவர் ஒரே தாவலில் சின்னப் பெண்ணாகி ஓடினார். "இது?" பெரியவர். "இதுவா?" பெண். ஆடு நடந்தது, ஓடியது, நடந்தது. செய்தி அம்மா வாயைத் தாளால் மூடிக்கொண்டார். தாள் குலுங்கியது.

என் கையிலிருந்த போனில் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "என்னை உள்ளே விடுடா! அவர்கிட்டப் பேசணும்!" விட்டேன். அவள் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"வணக்கம், யார் பேசறீங்க?" என்றார் அத்தான், பழக்கத்தில்.

"ம்... பக்கத்து நாட்டு ராணி. யாருன்னு தெரியலையா? அந்தப் பெரியவர் பாட்டை எதுக்குங்க நடுவுல நிறுத்துனீங்க?"

அத்தான் திகைத்தார். "நீ ஆட நிக்கிறேன்னு..."

"ஆடறது எங்கே ஓடிப்போகுது? மனுஷன் ஏதோ மனசுல இருக்கிறதைச் சொல்ல ஆரம்பிக்கிறாரு, நீங்க ரெண்டு பேரும் அவரைக் குரங்காட்டி மாதிரி ஆட்டி வைக்கிறீங்க. முதல்லேருந்து போடுங்க. மெதுவாவே."

"பிடிச்சிருக்கா?"

"கேட்டாதானே தெரியும்! ஆனா ஒண்ணு, இவரும் அம்மா சொல்றதைக் கேட்ட ஆளு இல்ல. குரல்லயே தெரியுது." பின்னால் கத்திரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். "டேய் தம்பி, போனை மேஜை மேல வைக்கிறேன். எனக்குச் சீருடை முடிக்கணும்."

நான் முள்ளை ஆரம்பத்தில் வைத்தேன். மெதுவான வேகம். பாரவண்டி மேட்டில் ஏறியது. பெரியவர் கிணற்றிலிருந்து எழுந்து வந்தார். இந்த முறை அவருக்கு அவசரமே இல்லை என்பது எங்களுக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில், போன் வழியாக, நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு,

டக்... டக்... டக்...

ஓரம் மடித்துத் தைக்கும்போது அவள் அப்படித்தான் மிதிப்பாள். பெரியவர் மூச்சு விடும்போது அதுவும் நின்றது. அவர் அடுத்த சொல்லை எடுக்கும்போது அதுவும் எடுத்தது.

அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு காலாலும் தரையை உதைத்தார். நாற்காலி சுவர் வரைக்கும் போனது. அங்கேயிருந்து ஒரு கூச்சல்.

"மிஷின் ஓடுது! மாப்ளே, மிஷின் ஓடுது! தப்பாப் போட்டும் ஓடுச்சு, சரியாப் போட்டும் ஓடுது!"

என்ன மிஷின், எங்கே ஓடுகிறது என்று கேட்டு அன்று மத்தியானம் வரை போன் வந்தது. பெரியவர் முடிக்கும்போது செய்தி நேரம் தாண்டிவிட்டது. மேலாளர் கடிகாரத்தைக் காட்டிக் குதித்தார். அத்தானோ, ஆட நிற்கிறவர்களை ஏமாற்றக் கூடாது என்று, கடைசியாக ஒருமுறை குமிழைத் திருப்பச் சொன்னார். நான் பாட்டின் ஒலியை இறக்குவதற்குள் செய்தி அம்மா மைக்குக்கு வந்துவிட்டார். முதல் இரண்டு செய்தியை அந்தப் பெண்தான் துரத்திக்கொண்டு ஓடினாள். மேஜைக்கடியில் செய்தி அம்மாவின் செருப்பு தாளம் போட்டதை நான் மட்டும் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது முன்னறையில் எல்லோரும் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் விசிறிக்கொண்டிருந்தார். அத்தான் வாசலிலேயே நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்கிற முகம்.

அக்கா பல்லால் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏங்க, அந்தப் பல்வலிக்காரங்க நாலு பேரையும் கொண்டாங்க. அவங்களையும் தப்பான வேகத்துலதான் போட்டிருப்பீங்க."

அவர்கள் கம்ப்யூட்டரில் இருப்பவர்கள், அவர்களுக்குக் குமிழே கிடையாது. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அத்தான் கையைக் காட்டி என் குரலை இறக்கினார்.

"ஆமா, ஆமா, இருக்கும்" என்று செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார்.